மனைவியை ஊருக்கு அழைத்து வந்தார், நாடு கடத்தப்பட்டார்!

படிக்க வெளிநாடு போன பிள்ளை, அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு வந்து நிற்கிறான். வீட்டில் என்ன நடக்கும்? அம்மா அழுவாள். அப்பா முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒரு பேரக்குழந்தை பிறந்ததும் கோபம் எல்லாம் பறந்துவிடும்.

ஆனால், ஒரு கல்யாணத்தைக் கண்டு இரண்டு அரசாங்கங்களே பதறின. மாப்பிள்ளையை 6 ஆண்டுகள் சொந்த மண்ணில் கால் வைக்க விடவில்லை.

அந்த மாப்பிள்ளையின் பெயர் செரெட்சே காமா.

பட்டத்து இளவரசர்

தென் ஆப்பிரிக்காவுக்கு வடக்கே போட்ஸ்வானா என்று ஒரு நாடு இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்குப் பெச்சுவானாலாந்து என்று பெயர். பிரிட்டிஷாரின் பாதுகாப்பில் இருந்தது. அங்கே பாமங்வாட்டோ என்ற பெரிய இனத்தின் தலைவர் பட்டத்துக்கு உரியவர் செரெட்சே.

அவருக்கு 4 வயதாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். சித்தப்பா செகேடி, பிள்ளைக்குப் பதிலாக ஆட்சியைக் கவனித்தார். அவனை வளர்த்து ஆளாக்கினார். பிறகு மேல்படிப்புக்கு இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

லண்டனில் வக்கீலுக்குப் படிக்கும்போது, 1947-ல், ஒரு நடன நிகழ்ச்சியில் ரூத் வில்லியம்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார் செரெட்சே. ரூத் ஆபீஸ் குமாஸ்தா. போர்க்காலத்தில் விமானப்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். இருவருக்கும் ஜாஸ் இசை என்றால் உயிர். பேச்சு அதில்தான் தொடங்கியது. மறு ஆண்டே கல்யாணப் பேச்சில் வந்து நின்றது.

ரூத்தின் தந்தைக்கு இது பிடிக்கவில்லை. செகேடிக்கும் பிடிக்கவில்லை. மாதா கோவிலில் திருமணம் செய்துகொள்ளப் போனார்கள். "முதலில் அரசாங்கத்தின் சம்மதத்தை வாங்கி வாருங்கள்" என்கிற பதில்தான் கிடைத்தது! அதனால் 1948 செப்டம்பர் 29-ந் தேதி ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கணவன் மனைவி ஆனார்கள்.

ஊர்க் கூட்டம்

செரெட்சே முதலில் தனியாகத் தன் ஊரான செரோவேக்குப் போனார். அங்கே "கோட்லா" என்று ஒரு வழக்கம் உண்டு. நம் ஊர்ப் பஞ்சாயத்து போல. ஊரார் கூடி உட்காருவார்கள். யாரும் எழுந்து பேசலாம்.

தலைவரின் மனைவி என்றால் அவருடைய சொந்த விஷயம் மட்டும் இல்லை. அவள் வயிற்றில் பிறக்கும் மகன்தான் நாளைக்குத் தலைவன். அதனால் யார் அவள் என்று கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு. முதல் கூட்டத்தில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் கருத்து இரண்டுபட்டது.

செரெட்சே கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. மனைவி இல்லாமல் எனக்குப் பட்டம் வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

1949 ஜூனில் மறுபடியும் கூட்டம் கூடியது. ஆயிரக்கணக்கான பேர் வந்திருந்தார்கள். பேச்சு பல நாள் நீண்டது. கடைசியில் செரெட்சே, தன் மனைவியை ஏற்காதவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். சுமார் 40 பேர் எழுந்தார்கள்.

ஏற்பவர்கள் எழுந்திருங்கள் என்றார். மைதானமே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது!

குடும்பத் தகராறு அதோடு தீர்ந்தது என்றே சொல்ல வேண்டும். செகேடி தோல்வியை ஒப்புக்கொண்டு, தன் ஆட்களோடு வேறு பகுதிக்குப் போய்விட்டார். ஆகஸ்டில் ரூத் செரோவே வந்து சேர்ந்தார்.

தங்கமும் யுரேனியமும்

ஊர் ஏற்றுக்கொண்டது. பக்கத்து நாட்டுக்குத்தான் தூக்கம் வரவில்லை!

தென் ஆப்பிரிக்காவில் அந்த 1949-ம் ஆண்டில்தான், வெள்ளையரும் மற்றவரும் மணந்துகொள்ளக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பர் தலைவர், வெள்ளைக்கார மனைவியோடு ஊர் மெச்ச வாழ்ந்தால் அந்தச் சட்டத்தின் கதி என்ன ஆவது? அந்த அரசாங்கம் பிரிட்டனை நெருக்கியது. பிரிட்டனுக்கோ தென் ஆப்பிரிக்காவின் தங்கம் வேண்டும். அணுகுண்டுக்கு யுரேனியம் வேண்டும். இன்னொரு வேடிக்கை: பெச்சுவானாலாந்தின் நிர்வாகத் தலைநகரான மாபெகிங், தென் ஆப்பிரிக்க எல்லைக்குள் இருந்தது!

செரெட்சே பட்டத்துக்குத் தகுதியானவரா என்று பிரிட்டன் ஒரு விசாரணை வைத்தது. விசாரித்த நீதிபதியே, ஆளிடம் குறை ஒன்றும் இல்லை, அண்டை நாட்டின் எதிர்ப்புத்தான் தடை என்கிற கருத்தில் எழுதிவிட்டார். இதை வெளியே விட முடியுமா? அறிக்கையைப் பூட்டி வைத்தார்கள். சுமார் 30 ஆண்டு அது வெளிவரவில்லை.

"லண்டனுக்கு வாருங்கள், பேசலாம்" என்று 1950-ல் கணவன் மனைவி இருவருக்கும் அழைப்பு வந்தது. ரூத்துக்குச் சந்தேகம். நான் வரவில்லை என்று ஊரிலேயே இருந்துவிட்டார். பெண்ணின் கணக்கு தப்பவில்லை. லண்டன் போன செரெட்சேயிடம், ஆண்டுக்கு 1,100 பவுன் தருகிறோம், பட்டத்தை விட்டுவிட்டு இங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்று பேரம் பேசினார்கள். அவர் மறுத்தார். 5 ஆண்டு ஊர் திரும்பத் தடை என்று அறிவித்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று மனைவிக்குத் தந்தி அடித்தார் செரெட்சே.

ரூத் அப்போது கர்ப்பிணி.

பிரிட்டிஷ் ஹைகமிஷனர் இந்தத் தடையை விளக்குவதற்காக, இறகு வைத்த தொப்பியும் முழு உடுப்புமாகச் செரோவே வந்தார். கூட்டம் கூடும் மைதானம் காலியாகக் கிடந்தது. ஊரார் ஒருவர்கூட வரவில்லை! ஒரு வார்த்தை பேசாமல் இப்படிப் பதில் சொன்ன ஊரை வேறு எங்கே பார்க்க முடியும்?

மே மாதம் ரூத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆகஸ்டில் செரெட்சே மனைவி மகளோடு இங்கிலாந்து போக வேண்டியதாயிற்று. 1952-ல், 5 ஆண்டுத் தடையை நிரந்தரத் தடை ஆக்கினார்கள்.

திரும்பி வந்த தம்பதி

இங்கிலாந்திலும் நல்லவர்கள் இருந்தார்கள். பார்லிமெண்டு உறுப்பினர்கள் சிலர் விடாமல் குரல் கொடுத்தார்கள். பிணங்கியிருந்த சித்தப்பாவும் மனம் மாறினார். 1956-ல் சித்தப்பாவும் மகனும் சேர்ந்து, தலைவர் பட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அனுமதி கிடைத்தது. பட்டத்தை விட்டுத்தான் மனைவியைச் சொந்த ஊருக்கு அழைத்துவர முடிந்தது.

சாதாரண மனிதராக மாடு வளர்த்தார் செரெட்சே. 1962-ல் கட்சி தொடங்கினார். 1965 தேர்தலில் 31 இடங்களில் 28 இடங்களை அந்தக் கட்சி பிடித்தது. 1966 செப்டம்பர் 30-ந் தேதி நாடு விடுதலை பெற்றது. முதல் ஜனாதிபதி செரெட்சே காமா! விரட்டிய பிரிட்டனே அவருக்கு "சர்" பட்டமும் கொடுத்தது.

செரெட்சே 1980-ல் காலமானார். ரூத் லண்டனுக்கே போய்விடுவார் என்று சிலர் எண்ணினார்கள். அவர் போகவில்லை. "தலைவரின் தாய்" என்று மக்கள் அவரை அழைத்தார்கள். மகன் இயன் காமா 2008 முதல் 2018 வரை ஜனாதிபதியாக இருந்தார். அதைப் பார்க்க ரூத் இல்லை. 2002 மே மாதம் போட்ஸ்வானாவிலேயே இறந்தார். செரோவேயில், கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.