மாசு விதிமுறையும் மோட்டார் சைக்கிள் எஞ்சினும்

வல்லம் வடகால், காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் அருகில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ள ஊர் ஆகும். ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஆலை ஒன்று 2017 முதல் இங்கு இயங்குகிறது. அரசின் கொள்கை ஒரு தொழில்நுட்பத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை இந்நிறுவனத்தின் வண்டிகளைக் கொண்டே விளக்கலாம்.

என்ஃபீல்டு இந்தியா 1955இல் சென்னையில் தொடங்கப்பட்டது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. வெளிநாட்டு வண்டிகளின் போட்டி இல்லாததால், இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட புல்லட் பெரிய மாற்றமின்றிப் பல பத்தாண்டுகள் உற்பத்தியானது. கொள்கை, தொழில்நுட்பத்தை ஒரே இடத்தில் நிற்கவும் வைக்கும்.

அதை நகர்த்தியது மாசு விதிமுறை. பாரத் ஸ்டேஜ் 4இலிருந்து 5ஐத் தாண்டி நேராக 6க்குச் செல்வதென மத்திய அரசு 2016 ஜனவரியில் அறிவித்தது. கெடு 2020 ஏப்ரல் 1. அதன்பின் பழைய தர வண்டிகளை விற்கக் கூடாது என 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதியாகக் கூறியது.

புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி நன்கு செயல்பட, ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று (எடையில்) என்ற அளவு மாறாமல் இருக்க வேண்டும். கார்புரேட்டரால் இதைத் துல்லியமாகக் காக்க இயலாது. எனவே 350 சிசி வண்டிகளில் கார்புரேட்டர் நீங்கி, உணரிகளின் தகவலைக் கொண்டு எரிபொருளை அளந்து தெளிக்கும் மின்னணு முறை வந்தது. புதிய விதிக்கு மாற்றப்படாத 500 சிசி எஞ்சின் 2020இல் நிறுத்தப்பட்டது. கந்தகம் வினையூக்கியைக் கெடுக்கும் என்பதால், பெட்ரோலில் அதன் அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் மாறாமல் எஞ்சின் மட்டும் மாறியிருந்தால் பயன் குறைவே.

விதி கார்புரேட்டரைத் தடை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புகையின் வரம்பை மட்டும் சொல்லி, வழியைப் பொறியாளரிடம் விட்டது. புதுமைக்கு இடம் தரும் விதி இப்படித்தான் இருக்க வேண்டும்.

சாலையோர மெக்கானிக்கின் நிலை வேறு. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி, காதால் கேட்டே டியூனிங் செய்தவருக்கு இப்போது ஸ்கேனர் கருவியும் அதைப் படிக்கும் பயிற்சியும் தேவை. நிறுவனங்களுக்கு நான்காண்டு அவகாசம் தந்த அந்த விதிமுறை அவரைப் பற்றிப் பேசவில்லை.