மறுபடியும் ஓட ஆரம்பித்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதா? கவனிக்க வேண்டியது வேகத்தை!

காலேஜ் நாள்களில் நன்றாக ஓடியவர். கல்யாணம், குழந்தை, வேலை என்று ஏழெட்டு வருடங்கள் ஓட்டத்தையே மறந்துவிட்டு, ஒருநாள் ஷூவைத் தூசு தட்டிக்கொண்டு கிளம்புகிறார். முதல் வாரம் மூச்சு வாங்குகிறது. இரண்டாவது வாரம் மூச்சு பழகிவிட, பழைய வேகத்தில் ஓடிப் பார்க்கிறார். திடீரென்று கெண்டைக்கால் சதை கல் மாதிரி இறுகி, நடுரோட்டிலேயே நிறுத்திவிடுகிறது. 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா?' என்று வீட்டில் கேட்கிறார்கள். பலருடைய ஓட்டம் அன்றோடு முடிந்துவிடுகிறது. கொஞ்சம் திட்டமிட்டால், இதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

உப்புச்சத்து குறைவதுதான் காரணமா?

'வாழைப்பழம் சாப்பிடு, இளநீர் குடி' என்பதுதான் தசைப்பிடிப்புக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம். வியர்வையில் உப்பு வெளியேறுவதால் தசை பிடிக்கிறது என்ற கருத்து, 1920-களில் பிரிட்டனின் வெப்பமான நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்த தொழிலாளர்களைக் கவனித்தபோது வலுப்பெற்றது. கடும் வெயிலில் மணிக்கணக்கில் உழைப்பவர்களுக்கு இது இன்றும் பொருந்தலாம்.

ஆனால், 20 நிமிடம் ஓடுகிறவருக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. 'அயர்ன்மேன்' டிரையத்லான் போட்டியில் பங்கேற்ற 210 பேரை ஆராய்ந்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. யாருக்குப் பிடிப்பு வரும் என்பதை நீரிழப்போ, ரத்தத்தில் சோடியம் அளவோ காட்டவில்லை. வேகமாகப் போனவர்களுக்கும், முன்பே பிடிப்பு வந்தவர்களுக்கும்தான் அது அதிகம் வந்தது.

தசை அளவுக்கு மீறிக் களைக்கும்போது, அதைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் சமிக்ஞை கூடி, தளரச் சொல்லும் சமிக்ஞை குறைந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மீண்டும் ஓட வருபவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். கால் தசைக்கும் தசைநாருக்கும் இன்னும் அதிக காலம் வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

பிரிட்டனின் பொது மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ் வழங்கும் 'கவுச் டு 5கே' திட்டம் நல்ல வழிகாட்டி. மொத்தம் 9 வாரங்கள், வாரத்துக்கு 3 நாள்கள். முதல் வாரத்தில் 5 நிமிட வேக நடை. பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடங்கள். அவ்வளவுதான். ஒருகாலத்தில் 10 கிலோமீட்டர் ஓடியவருக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். அவர்களும் இங்கிருந்தே தொடங்குவது நல்லது.

* பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும்.

* ஓட்டம் இல்லாத நாளில், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். முட்டியை நீட்டி 10 முறை, லேசாக மடக்கி 10 முறை. கெண்டைக்காலின் இரண்டு தசைகளும் வலுப்பெறும்.

* தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். மேம்பாலம், ஏற்றம் எல்லாம் பிறகு.

* தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்புப் போட்ட மோர் நல்லது. ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.

பிடித்துக்கொண்டால்?

ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள். உட்கார்ந்து முட்டியை நீட்டி, கால் விரல்களை உங்களை நோக்கி மெதுவாக இழுத்து, 20 முதல் 30 விநாடிகள் பிடியுங்கள். விட்டதும் லேசாக நீவிவிடலாம். அன்றைக்கு மீதி தூரத்தை நடந்தே முடியுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

* ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி நீடித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். கூடவே மூச்சுத்திணறல் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போகவும்.

* 'பட்'டென்ற சத்தத்தோடு வலி வந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் தசையோ தசைநாரோ கிழிந்திருக்கலாம்.

* கடும் தசைவலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே காட்ட வேண்டும்.

* குறிப்பிட்ட தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியானால், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் அல்லது சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அடிக்கடி பிடிப்பு வந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஓடிய மறுநாள் காலை மாடிப்படி இறங்கிப் பாருங்கள். கெண்டைக்கால் வலித்தால் அன்று நடை மட்டும் போதும். வலி இல்லையென்றால் அடுத்த ஓட்டத்துக்குக் கால் தயார்!