மொட்டை மாடியில் அறுபத்தாறு அடி ஒயர்!

செல்போன் டவர் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

‘அதெல்லாம் நம்ம ஊர்ல எங்கே சார் நடக்கப் போகுது?’ என்று அருப்புக்கோட்டை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமக்குக் கடல் கிடையாது. ஆறு என்று பெயர் இருக்கும், தண்ணீர் இருக்காது. குண்டாற்றில் வெள்ளம் என்றால் பயப்பட மாட்டோம். குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போவோம். திருச்சுழிப் பக்கம் மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற பூமி இது.

ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது நின்றதுதான். நூற்றுக்கணக்கான பயணிகள் சுற்றிலும் வெள்ளத்தோடு மாட்டிக் கொண்டார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் பல இடங்களில் கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்த ஸ்ரீவைகுண்டம் நம் அருப்புக்கோட்டையிலிருந்து காக்கா பறக்கிற வழியில் சுமார் நூறு கிலோமீட்டர்தான்!

வெளியூரில் இருக்கிற மகனுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வரி. ‘அம்மா பத்திரமா இருக்காங்க.’ அந்த ஒரு வரியைக் கொண்டு போய்ச் சேர்க்கத்தான் வழியில்லை.

டவருக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் டீசல் வேண்டும், பூமிக்கடியில் கேபிள் அறுபடாமல் இருக்க வேண்டும். இதில் எதுவுமே வேண்டாம், ஒரு பேட்டரியும் கொஞ்சம் ஒயரும் போதும் என்று சொல்கிற ஒரு கூட்டம் உலகம் பூராவும் இருக்கிறது. அவர்களுக்கு ‘ஹாம்’ என்று பெயர். அமெச்சூர் ரேடியோக்காரர்கள்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு அந்தமான் போயிருந்தார். போர்ட் பிளேரில் ஒரு ஓட்டலில் ஏரியல் கட்டி, உலகத்து ஹாம்களோடு பேசுவதுதான் திட்டம். அந்தமானில் பல வருஷமாக ஹாம் ரேடியோ ஒலிக்காததால், அவர் குரலைப் பிடிக்க வெளிநாடுகளில் போட்டா போட்டி. டிசம்பர் 26 காலையில் பூமி ஆடியது. பின்னாலேயே சுனாமி. தொலைத்தொடர்பு நொறுங்கிப் போனது. பொழுதுபோக்குக்குக் கொண்டு போன அதே கருவியில், அவரும் அவர் குழுவும் யார் பிழைத்தார்கள், யாருக்கு என்ன உதவி தேவை என்ற சேதிகளை வெளியே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

கவனியுங்கள். சுனாமி வந்த பிறகு அவர் ரேடியோ படிக்கவில்லை. முன்னாலேயே படித்து, பழகி, ஏரியல் கட்டித் தயாராக இருந்தார். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டினால் என்ன ஆகும் என்று நம் கரிசல்காட்டு ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை!

சரி, நாமும் ஹாம் ஆவது எப்படி?

முதலில் காது, பிறகு வாய்

பேசத்தான் லைசென்ஸ் வேண்டும். ஹாம்கள் பேசுவதைக் கேட்டுப் பழக ஒரு நல்ல ஷார்ட்வேவ் ரிசீவர் போதும். (ஒரு காலத்தில் பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்கே தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுத்த தேசம் இது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் பாஸ் புத்தகத்தைக்கூடக் காட்டுவார்.)

ஆனால் வீட்டில் கிடக்கும் பழைய வால்வு ரேடியோவில் ஹாம் பேச்சைப் பிடித்தால் வாத்து கத்துகிற மாதிரிதான் கேட்கும். ஹாம்கள் ‘சிங்கிள் சைடு பேண்ட்’ என்ற முறையில் பேசுகிறார்கள். அதைப் பிரித்துத் தருகிற வசதி உள்ள ரிசீவர் வேண்டும். அதுவும் இல்லையா? இன்டர்நெட்டில் உலகெங்கும் இருக்கும் ரிசீவர்களைச் செல்போன் வழியாகவே திருகிக் கேட்கலாம். 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய் ஒரு மாசம் சும்மா கேளுங்கள். யார் எப்போது பேசுகிறார்கள், எப்படி அழைக்கிறார்கள், எப்படி விடைபெறுகிறார்கள் என்று தானாகவே பிடிபடும்.

காமர்ஸ்காரர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது

‘கரண்ட்’ என்றால் கரண்ட் அக்கவுண்ட் என்று நினைக்கிற பி.காம். வர்க்கத்துக்கு இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகம் வரும். நடக்கும். 12 வயசு முடிந்த பையனே எழுதுகிற பரீட்சை அய்யா இது!

பரீட்சையை நடத்துவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு. விண்ணப்பம், கட்டணம் எல்லாம் ‘சரள் சஞ்சார்’ என்ற அரசு இணையதளத்தில். இரண்டு வகை உண்டு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்பது முதல் படி. ரேடியோ அறிவியல் ஒரு பகுதி, சட்டதிட்டங்கள் ஒரு பகுதி. அவ்வளவுதான். ஜெனரல் கிரேடுக்கு இவற்றோடு மோர்ஸ் சங்கேதமும் தெரிய வேண்டும். நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை வேகத்தில் ‘கட்டுக் கடா’வைக் கேட்டு எழுதவும் அடிக்கவும் வேண்டும்.

அறிவியல் பகுதி நம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பாடத்தின் அக்கா, தங்கைதான். ஓம் விதி பயமாக இருக்கிறதா? தெருமுனை மேல்நிலைத் தொட்டியைப் பாருங்கள். தொட்டியின் உயரம் வோல்டேஜ். குழாயில் வரும் தண்ணீர் கரண்ட். குழாய்க்குள் பிடித்திருக்கிற உப்புப் படலம் ரெசிஸ்டன்ஸ். தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவனுக்கு ஓம் விதி தெரியாமல் போகாது!

சட்டப் பகுதியை அலட்சியம் செய்யாதீர்கள். வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ரகசிய பாஷை கூடாது. மல்லிகைப்பூ விலையை மதுரைக்கு ரேடியோவில் விசாரிக்கக் கூடாது. போனில் விசாரித்துக் கொள்ளுங்கள். ஆபத்துக் குரல் கேட்டால் மற்ற எல்லாப் பேச்சையும் நிறுத்தி வழிவிட வேண்டும். இதுதான் விதிகளிலேயே பெரிய விதி.

பாஸ் செய்தாலும் லைசென்ஸ் மறுநாள் கைக்கு வராது. போலீஸ் விசாரணை உண்டு. சில மாதங்கள் ஆகலாம். பொறுங்கள். அப்புறம் உங்களுக்கென்று ஒரு அழைப்புக் குறி வரும். ரெஸ்ட்ரிக்டட் என்றால் வழக்கமாக ‘வி.யு.3’ என்றும், ஜெனரல் என்றால் ‘வி.யு.2’ என்றும் ஆரம்பிக்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ‘வி.யு.2.ஆர்.ஜி.’ ஜோர்டான் மன்னர் ஹுசைன் ‘ஜே.ஒய்.1’. ஏர்வேவில் மன்னருக்கும் தறிக்காரருக்கும் ஒரே மரியாதை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் மலிவாக வாக்கி டாக்கி கிடைக்கிறதே என்று பரீட்சைக்கு முன்னாலேயே வாங்கிப் பேசாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். 2025 மே மாசம், விதிமீறி வாக்கி டாக்கி விற்ற இணைய வியாபாரத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே நோட்டீஸ் அனுப்பியது. போலீஸ் அலைவரிசையில் ‘ஹலோ மாப்ளே’ என்று நீங்கள் பேசப் போய், நிஜ மாமா வீட்டுக்கு வந்துவிடுவார்!

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு

இப்போது ஏரியல். இதுதான் ருசியான இடம்.

எளிய ஏரியலுக்கு டைபோல் என்று பெயர். கணக்கு இதுதான்: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால், மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 20 மீட்டர், அதாவது 66 அடி. நடுவில் வெட்டினால் பக்கத்துக்கு 33 அடி. வீட்டு ஒயரிங்குக்கு வாங்குகிற சாதாரணச் செம்பு ஒயரே போதும். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் பைப் துண்டு, அதில் நைலான் கயிறு. வெட்டிய நடு இடத்திலிருந்து 50 ஓம் கோஆக்சியல் கேபிள் கீழே இறங்கி உங்கள் மேஜைக்கு வரும். ஒயரைக் கணக்குக்கு ஒரு அடி கூடவே வெட்டுங்கள். நீளம் ஜாஸ்தி என்றால் நறுக்கிக் கொள்ளலாம். குறைந்து போனால் ஒட்டுப் போட வேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1.5-க்குக் கீழே வருகிறதா என்று பார்த்துப் பார்த்து நறுக்க வேண்டும். தையற்காரர் பேண்ட் உயரம் பார்க்கிற மாதிரிதான்!

மொட்டை மாடியில் தூர்தர்ஷன் காலத்து ஆண்டெனா பைப் இன்னும் நிற்கிறதா? அதன் உச்சியில் நடுப்பகுதியைக் கட்டி, இரண்டு கைகளையும் சரிவாக இறக்கி, ஒரு பக்கம் வேப்பமரம், இன்னொரு பக்கம் பனைமரம் என்று இழுத்துக் கட்டிவிடலாம். பனை காற்றில் ஆடும். அதனால் அந்தப் பக்கக் கயிற்றை ஒரு உருளையில் விட்டு, முனையில் செங்கல்லைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடினாலும், மயில் வந்து உட்கார்ந்தாலும் ஒயர் அறாது. ஒயர் முனைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பேசும்போது தொட்டால் சுடும்.

‘இன்னும் உயரமாக் கட்டணுமோ?’ வேண்டாம். முப்பதடி உயரத்தில் கட்டிய இந்த ஒயர், சக்தியைப் பெரும்பாலும் செங்குத்தாக மேலே அனுப்பும். அது வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்த மாதிரி சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். பகலில் ஸ்ரீவைகுண்டமும் அந்தக் குடைக்குள், சென்னையும் அந்தக் குடைக்குள். நடுவில் டவர் எதுவும் வேண்டியதில்லை. ஆபத்துக் காலத்துக்கு நமக்கு வேண்டியது அமெரிக்கா இல்லையே, அடுத்த மாவட்டம்தானே!

பக்கத்து ஊருக்கு 144 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவி. இந்த அலை கண்ணுக்கு எட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் போகும். ஆனால் நம் ஊர் தட்டை பூமி. இரண்டு பக்கமும் முப்பதடி உயரத்தில் ஏரியல் இருந்தால் சுமார் 25 கிலோமீட்டர் கிடைக்கும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நேர்கோட்டில் அவ்வளவு தூரம்கூட இல்லை. மழைதான் நம்மை வஞ்சித்தது. ரேடியோ அலை வஞ்சிக்கவில்லை!

மண்ணும் மின்னலும்

செங்குத்தாக ஒரே குழாயாக நிற்கிற ஏரியலுக்கு நல்ல ஈரமான தரை வேண்டும். இல்லையென்றால் தரையில் நிறைய ஒயர் பரப்ப வேண்டும். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கிற நம் தரைக்கு அது தோதுப்படாது. டைபோலுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு கைகளும் ஒன்றையொன்று தாங்கிக் கொள்ளும். புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று சொல்லலாம்... நல்ல குடும்பமாக இருந்தால்!

ஆனால் பாதுகாப்புக்கு எர்த் கட்டாயம். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது குழிக்கா என்று வீட்டில் சண்டை வரும். துணி அலசிய தண்ணீர் போதும் என்று சமாதானம் சொல்லுங்கள்.

கோடை மழையும் ஐப்பசி மழையும் நமக்கு இடியோடுதான் வரும். மேகம் கறுத்ததுமே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடி கேட்ட பிறகு அதைத் தொடவே தொடாதீர்கள். ஒயர் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் மின்வாரிய லைன் இருந்தால் அந்த இடமே வேண்டாம். ஒயர் அறுந்து விழுந்தால்கூட லைனைத் தொடாத தூரம் வேண்டும். இதில் ‘பார்த்துக்கலாம்’ என்ற பேச்சே கூடாது. போனது போனதுதான்.

அருப்புக்கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி, இரைச்சல். விசைத்தறி மோட்டார், மலிவு எல்.இ.டி. பல்பு எல்லாம் ரிசீவரில் ‘கர்ர்ர்’ என்று கத்தும். இங்கேதான் குக்கிராமத்துக்காரர் ஜெயிக்கிறார். சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே, பக்கத்து வீடு அரை பர்லாங் தள்ளி இருக்கிற தோட்டத்து மோட்டார் ரூமில், ஒரு 12 வோல்ட் பேட்டரியோடு உட்கார்ந்தால், நகரத்து ஹாம் கேட்கவே முடியாத மெல்லிய குரலும் துல்லியமாக விழும்.

வரவு செலவு

பேசியதை எல்லாம் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். தேதி, நேரம், அலைவரிசை, எதிராளியின் குறி, குரல் எப்படி இருந்தது என்ற மார்க். நேரம் மட்டும் உலகப் பொது நேரம். நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி கழிக்க வேண்டும். பிறகு ‘கியூ.எஸ்.எல்.’ கார்டு பரிமாறிக் கொண்டு, அவர் பதிவும் நம் பதிவும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். காமர்ஸ்காரர்களே, இது நம்ம நாள்வழிக் கணக்கும் பேங்க் ரிகன்சிலியேஷனும் இல்லாமல் வேறென்ன?

எல்லாம் சரி, பேசி என்ன லாபம் என்று கேட்பீர்கள். தினமும் காலையில் அரை மணி நேரம், ‘என் குரல் எப்படி விழுது? அங்கே மழையா?’ என்று பேசுகிற பேச்சில் லாபம் எதுவும் இல்லைதான். ஆனால் டவர் விழுகிற அன்றைக்கு, பதற்றமில்லாமல், தெளிவாக, ஒரு அம்மாவின் பெயரையும் ஊரையும் எழுத்து எழுத்தாகச் சொல்லி அனுப்பத் தெரிந்தவர் அந்த அரை மணி நேரத்தில்தான் உருவாகிறார்.

அதனால் இன்றைக்குச் சாயங்காலமே மொட்டை மாடிக்குப் போய் டேப் வைத்து அளந்து பாருங்கள். ‘என்ன பண்றீங்க?’ என்று வீட்டில் கேட்டால், ‘துணி காயப் போட கொடி கட்டப் போறேன்’ என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

ஆனால், கட்டி முடித்ததும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஜப்பானோடு பேசிக் கொண்டிருக்கும்போது, ஏரியலில் உங்கள் வேட்டி காய்ந்து கொண்டிருக்கும்!