அத்தையோடு மும்பை ஓட்டல்களில்...

"ஓட்டல் சாப்பாடா? எவன் கையால பண்ணினானோ, எந்தத் தண்ணியில பண்ணினானோ... எனக்கு வேண்டாம்மா. நான் ரெண்டு வாய் தயிர் சாதம் சாப்பிட்டுக்கறேன். நீங்க போயிட்டு வாங்க!"

கும்பகோணத்திலிருந்து எங்கள் மும்பை வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மாமியார் சொல்லும் வசனம் இது. ஐம்பது வருஷம் அடுப்படியில் நின்றவர். மாமா இருந்தவரை அவருக்குப் பரிமாறிவிட்டு, அந்த இலையிலேயே தானும் உட்கார்ந்து சாப்பிடுவார். மாமா போனபிறகு உட்கார்வதே நின்றுபோயிற்று. மேடையோரமாக நின்றபடி, ஒரு கிண்ணத்தில் நாலு வாய். "ஒருத்திக்கு எதுக்கு இலையும் தட்டும்?" என்பார். எனக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் மாமியாரிடம் அதற்குமேல் என்ன பேச முடியும், சொல்லுங்கள்!

அத்தையின் பிடிவாதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வருஷம் முன்பு, பேரன் கேட்டான் என்று கடற்கரையோரக் கடை ஒன்றில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். மறுநாள் விடிவதற்குள் பிள்ளைக்கு எட்டுத் தடவை வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடினோம். பிள்ளை மூன்றாம் நாள் விளையாடப் போய்விட்டான். அத்தைதான் தேறவில்லை. "என் கையாலயே வாங்கிக் குடுத்தேனே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

போன டிசம்பரில் வந்தபோது நான் ஒரு தந்திரம் செய்தேன். "அத்தை, ஓட்டலுக்கு இல்லை. மாட்டுங்காவுக்குப் போய் வாழை இலை, பூ வாங்கிண்டு வரலாம்" என்றேன். பொய் இல்லை, மாட்டுங்கா மார்க்கெட்டில் அதெல்லாம் கிடைக்கும்.

1896-ல் பம்பாயைப் பிளேக் உலுக்கியதற்குப் பிறகு, நெரிசலைக் குறைக்க நகரத்துக்கு வடக்கே திட்டமிட்டு அமைத்த பேட்டைகளில் மாட்டுங்காவும் ஒன்று. வேலை தேடி வந்த நம் தென்னிந்தியர்கள் இங்கே குடியேற, அவர்கள் பின்னாலேயே இட்லியும் ரசமும் வந்து சேர்ந்தன. 'கஃபே மெட்ராஸ்' 1940-ல் தொடங்கியது. பெயர்தான் மெட்ராஸ், கைமணம் உடுப்பி! ரச வடை, ராகி தோசை இரண்டும் அங்கே பிரசித்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் வாசலில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கைக்குழந்தைக்காரர்கள் வார நாளில், கூட்டம் சேருவதற்கு முன் போய்விடுவது நல்லது.

நான் அத்தையைக் கூட்டிப்போனது 'ராமா நாயக்' ஓட்டலுக்கு. முழுப்பெயர் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். 1942-ல் ஆரம்பித்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, மாடியில். (முட்டிவலிக்காரர்கள் மெதுவாக ஏறுங்கள்.) முதலில் டோக்கன், அப்புறம் காத்திருப்பு, அப்புறம் இலை. அளவில்லாச் சாப்பாடு.

"பூ வாங்க வந்தோம்னு சொன்னே?" என்று அத்தை முறைத்தார். பேரன் அதற்குள் இலைக்கு முன் உட்கார்ந்துவிட்டான்.

அத்தை உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேரன் இலையில் எது குறைகிறது, என் இலையில் எது குறைகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். தன் இலையைத் தொடவில்லை. பரிமாற வந்த பெரியவர் இரண்டாம் தடவை சாதத்தோடு வந்தவர் நின்றுவிட்டார். "அம்மா, ஆறிப்போகுது" என்று ஹிந்தியில் சொன்னார். அத்தைக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் புரிந்துவிட்டது. சாம்பாரை எடுத்து வாயில் வைத்ததும் முதல் தீர்ப்பு: "வெல்லம் போட்டிருக்கான்!" ரசத்துக்கு வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்டு வாங்கிக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். கை கழுவப் போனவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சுத்தமாத்தான் வச்சிருக்கான்" என்றார். எனக்கு அது போதும்!

அதற்குப்பின் அத்தையே, "இன்னிக்கு எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தார். வரிசையாக எல்லாவற்றையும் எழுதினால் பத்திரிகை தாங்காது. மனசில் நின்றவற்றை மட்டும் சொல்கிறேன்.

தார்தேவில் உள்ள 'ஸ்வாதி ஸ்நாக்ஸ்' 1963-ல் மீனாட்சி ஜவேரி என்ற பெண்மணி தொடங்கியது. பிற்பாடு மகள் ஆஷா எடுத்து நடத்தினார். வீட்டில் பெண்கள் செய்கிற குஜராத்திப் பலகாரங்களைக் கடைக்குக் கொண்டுவந்த புண்ணியம் இவர்களுக்கு உண்டு. அங்கே 'பான்கி' என்று ஒன்று. வாழையிலைக்குள் கண்ணாடி மாதிரி மெல்லிய அரிசி அடை. அத்தை அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். மறுநாள் வீட்டில் செய்தும் விட்டோம். ஒரு கப் அரிசி மாவு, அரை கப் தயிர், இஞ்சி-பச்சை மிளகாய் விழுது, துளி மஞ்சள், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், கரண்டியிலிருந்து வழியும் பதத்துக்குத் தண்ணீர். இரண்டு மணி நேரம் ஊறட்டும். எண்ணெய் தடவிய இலைத் துண்டில் மெல்லிசாகப் பரப்பி, மேலே இன்னொரு இலை மூடி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் இலை பழுக்கும்வரை வையுங்கள். பச்சைச் சட்னி தொட்டுக்கொள்ளலாம். மிளகாய் விழுதைக் குறைத்தால் ஒன்றரை வயசுக் குழந்தைக்கும் கொடுக்கலாம்.

இரானி ஓட்டல்களை விடலாமா? இரானிலிருந்து வந்த ஜொராஸ்ட்ரியர்கள் தெருமுனைகளில் தொடங்கியவை. முனைக்கடை ஆகாது என்று மற்ற வியாபாரிகள் ஒதுக்கியது இவர்களுக்கு அதிர்ஷ்டமாயிற்று என்பார்கள். மெரின் லைன்ஸ் பக்கம் 'கயானி' 1904-லிருந்து இருக்கிறது. சலவைக்கல் மேஜை, வளைந்த மர நாற்காலி. வெண்ணெய் தடவிய பன்னைச் சாயாவில் தோய்த்துச் சாப்பிடும் சுகமே தனி. அங்கே மாவா கேக் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் முட்டை உண்டு. சைவக்காரர்கள் எதையும் கேட்டு வாங்குங்கள். அத்தை சாயாவோடு நிறுத்திக்கொண்டார்.

பல்லார்டு எஸ்டேட் 'பிரிட்டானியா' 1923-ல் பிறந்தது. இரானிலிருந்து வரும் புளிப்புப் பழங்களைத் தூவிய 'பெர்ரி புலாவ்' அங்கே விசேஷம். சைவத்திலும் உண்டு. அதன் முதலாளி போமன் கோஹினூர் 2019-ல் 97-வது வயதில் காலமானார். கடைசிக் காலம் வரையிலும் மேஜை மேஜையாக வந்து விசாரிப்பார். அவர் போனபிறகு புலாவ் அதே ருசிதான் என்கிறார் என்னவர். எனக்கென்னவோ ஒரு உப்புக்கல் குறைகிற மாதிரி இருக்கிறது.

1903-ல் திறந்த தாஜ் ஓட்டலில், கடலைப் பார்த்த 'ஸீ லவுஞ்ச்' என்ற கூடத்தில் வசதிக்காரர்கள் பெண் பார்ப்பது பல வருஷ வழக்கம். "பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் செலவா?" என்று கேட்டார் அத்தை. விலைப்பட்டியலை நினைத்து நாங்கள் வாசலோடு திரும்பிவிட்டோம்!

பிள்ளைகள் கேட்கும் மஞ்சூரியனும் இந்த ஊர்ச் சரக்குதான், தெரியுமோ? 1975-ல் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் இங்குள்ள கிரிக்கெட் கிளப்பில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயா சாஸும் சோள மாவும் சேர்த்துச் செய்த கோழிக் கறி அது. காலிஃபிளவர் எல்லாம் பின்னால் வந்தது. செக்கச்செவேலென்று இருந்தால் மட்டும் வாங்காதீர்கள், அது வெறும் சாயம்.

குழந்தையோடு எங்கே போனாலும் எங்கள் வழக்கம் இதுதான்: வீட்டுத் தண்ணீர் பாட்டில் கூடவே வரும். ஆவி பறக்கும் பண்டம் மட்டும். ஐஸ், நறுக்கி வைத்த பழம், திறந்து கிடக்கும் சட்னி, மூன்றுக்கும் தடை. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு 'அளவில்லாச் சாப்பாடு' ஒரு கண்ணி. அத்தைக்கும் சர்க்கரை உண்டு. ஒரு கரண்டி சாதத்தோடு நிறுத்தி, கறி-கூட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கப் பழக்கினேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அத்தை மெல்ல வந்து, "அந்த மாட்டுங்கா ஓட்டல்ல ராத்திரியும் இலை போடுவானா?" என்றார்.

நாலு பேருமாகப் போனோம். நல்ல கூட்டம். அரை மணி காத்திருந்தபின், "மூணு இடம்தான் இருக்கு" என்றார் ஓட்டல்காரர். நான் வழக்கம்போல் நகர்ந்து நின்றேன். அத்தை ஒரு கையால் பேரனையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டார். பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "நீ அடுத்த பந்தியில வாடா" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.