கரையிலிருந்து வரும் மின்சாரமும் படகின் கசிவும்

கிள்ளான் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் 1901ஆம் ஆண்டு திறக்கப்பெற்று, சுவெட்டன்ஹாம் துறைமுகம் என வழங்கி, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய ஊரைச் சரக்குக் கப்பல்களுக்காகவே பலரும் அறிவர். உல்லாசப் படகுகளும் அங்கு உண்டு. அவை மிதவை மேடைகளில் கட்டிக் கிடக்கையில், விளக்கெரியவும் மின்கலம் நிரம்பவும் கரையிலிருந்து ஒரு கம்பிவடம் செல்கிறது. நம் வீட்டுக்கு வரும் அதே 230 வோல்ட் மின்சாரந்தான் அது. ஆயின் வீடு மண்ணில் நிற்கிறது; படகோ நீரில் மிதக்கிறது. தொல்லையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

கம்பிவடத்தினுள் மூன்று கம்பிகள் உள்ளன. ஒன்றன் வழியே மின்னோட்டம் படகுக்குச் செல்லும். மற்றொன்றன் வழியே மீளும். மூன்றாவதாகிய நிலக்கம்பி, எர்த்துக் கம்பி என்று பலரும் சொல்வது, பழுது நேர்ந்தால் மட்டுமே தொழில் புரியும். தோட்டத்தில் காலைப் பெரட்டில் எண்ணி அனுப்பிய ஆட்களை மாலையில் எண்ணிப் பார்ப்பதுண்டு. கணக்குக் குறைந்தால் யாரோ வேறு வழியே போய்விட்டார் என்பது பொருள். மின்கசிவை அறியும் முறையும் இதுவே. போன ஓட்டமும் மீண்ட ஓட்டமும் சமமாயின், அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குறைந்தாலோ, மிச்சம் கருவியில் தெரியும்.

சாதாரணத் துண்டிப்பான் இங்கே உதவாது. நீர்வழியில் 50 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். கசியும் ஓட்டம் 5 ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் துண்டிப்பான் அதைப் பொருட்படுத்தாது. மனிதனுக்கோ அதில் நூற்றிலொரு பங்கே பகை. அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் ஆராய்ந்தபோது, ஆடவர்க்குச் சராசரி 16 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கம்பியை விடமுடியாமற் போயிற்று. நீருக்குள் தசை மரத்தவர் மூழ்கிவிடுவார். ஆதலால்தான் 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டிலேயே கணப்பொழுதில் விழும் மின்கசிவுத் துண்டிப்பான் வேண்டும் என்பது.

உப்புநீர் உடலைவிட நன்றாக மின்சாரம் கடத்துவதால், ஓட்டம் பெரும்பாலும் உடலை விட்டு விலகிப் போகும். நன்னீரில் நிலைமை தலைகீழ். ஆற்றுமுகத்து நீர் வெள்ளத்துக்கும் வற்றுக்கும் மழைக்கும் ஏற்ப மாறுவது. ஆகவே “கடல்தானே” என்று இருத்தல் தகாது.

பழுதைத் தேட, கம்பியைச் சூழ்ந்து கவ்வும் கிளாம்ப் மீட்டர் போதும். மில்லி ஆம்பியர் வரை காட்டுவதாக இருக்கவேண்டும். முதலில் கம்பிவடம் முழுவதையும் கவ்வுக. முள் அசைந்தால் நீர்வழியே ஓட்டம் நடக்கிறது. பின் படகின் தலைமை விசையை அணைக்க. அசைவு மறைந்தால் பழுது இப்படகினுள்ளே. மறையாமல் நின்றால், கம்பிவடம் பழுதற்றதாயின், அது அண்டைப் படகின் கசிவு: நீர்வழியே வந்து, இப்படகின் உலோகத்திலேறி, இதன் நிலக்கம்பியால் கரை சேர்கிறது! உள்ளே பழுதெனில் பொருள்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம். வெந்நீர்க் கொதிகலனே பெரும்பாலும் குற்றவாளி. ஆனால் ஓர் எச்சரிக்கை: கசிவு முழுதும் நிலக்கம்பி வழியே மீண்டால் வடத்தைக் கவ்விய முள் அசையாது. ஆகையால் போகும் கம்பி, மீளும் கம்பி இரண்டை மட்டும் தனியே கவ்விப் பார்த்தலும் வேண்டும்.

இனி, சிலர் செய்யும் விபரீதம் ஒன்று. நிலக்கம்பி ஒவ்வொரு படகின் உலோகத்தையும் அடுத்த படகின் உலோகத்தோடு பிணைக்கிறது. உப்புநீரில் அலுமினியமும் வெண்கலமும் அவ்வாறு பிணைந்தால் அதுவே ஒரு மின்கலம். அரிப்பைத் தடுக்கக் கட்டிய துத்தநாகக் கட்டிகள் விரைவில் கரையும். அதற்கஞ்சி நிலக்கம்பியையே வெட்டிவிடுகிறார்கள்! துத்தநாகம் பிழைக்கும். ஆனால் கொதிகலன் பழுதாகும் நாளில் ஓட்டத்துக்கு நீரொன்றே வழியாகும். இரு திசையிலும் டயோடுகள் கோத்த தடுப்புக் கருவி ஒன்றை நிலக்கம்பியில் இணைத்தால், சிறு மின்னழுத்தம் தடைபடும். பழுதோட்டம் தடையின்றிப் பாயும். பிரிப்பு மின்மாற்றி இன்னும் நல்லது, விலைதான் மிகுதி.

படகின் அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்ட நீரில் இறங்குபவர் தம் படகின் கம்பிவடத்தைப் பிடுங்கிவிட்டால் போதுமென்று எண்ணுவர். அண்டைப் படகின் கசிவு அப்போதும் நீரில் இருக்கும். மேடை முழுவதன் மின்சாரமும் நிறுத்தப்பட்ட பிறகே அவர் இறங்கவேண்டும்.