கறுப்புக் கிழவியை எடைக்குப் போட்டவள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று பரணைக் காலி செய்தபோது நான் செய்த காரியம் அது. 1991-ஆம் வருஷம். தம்பி மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். பரணில் அவனுடைய தகரப் பெட்டி ஒன்று. திறந்து பார்த்தால், அம்மாடி! ஒரே பேயும் பிசாசும்! அட்டைக்கு அட்டை மண்டையோடு, கல்லறை, பல்லை இளிக்கும் பிரேதம். "நாளும் கிழமையுமா வீட்டிலே வைக்கிற பொருளா இது?" என்று அம்மாவும் முகத்தைச் சுளித்தாள். தெருவோடு போன பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன்.

"நாலரைக் கிலோ இருக்கு, தாயி" என்று தராசைத் தூக்கிக் காட்டினார். கிடைத்த காசுக்குக் கோலப்பொடி வாங்கினேன்.

லீவுக்கு வந்த தம்பி பரணில் ஏறினான், இறங்கினான். "அக்கா, என் திகில் எங்கே?" என்றான். சொன்னேன். அவன் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்!

'திகில்' என்றால் திகில் காமிக்ஸ். எங்கள் விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் சிவகாசியிலிருந்து வெளிவந்த பத்திரிகை.

சிவகாசியில் பட்டாசு உண்டு, சரி. பேய்ப் பத்திரிகை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் நெருப்புக் குச்சியில் ஆரம்பித்த கதைதான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி செய்தால் அதன் மேல் ஒட்ட லேபிள் வேண்டாமா? லேபிளுக்காக அச்சு யந்திரம் வந்தது. அச்சு யந்திரம் வந்த பின் காலண்டர், டைரி, பட்டாசுக் கட்டின் மேலே சிரிக்கும் லட்சுமி என்று ஊரே வர்ணத்தில் மூழ்கிவிட்டது. மழை பெய்யாத கரிசல் பூமி. மை சீக்கிரம் உலரும். அந்த ஊரில் படக்கதை அச்சடிக்காமல் வேறு எங்கே அச்சடிப்பார்கள்?

1972-ல் எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மனிதன், 1962-ல் லண்டனில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவன். தமிழ் பேச ஆரம்பித்ததும் நம் பையன்கள் அவனைச் சித்தப்பா மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். 1984-ல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை! 1986-ல் அதே இடத்திலிருந்து வந்ததுதான் திகில்.

திகிலில் 'கறுப்புக் கிழவி' என்று ஒருத்தி வருவாள். நடுராத்திரிக் கதைகளை அவள்தான் சொல்வாள். இது ஒன்றும் புதுமையில்லை. எங்கள் அப்பத்தா, கரண்ட் போன ராத்திரிகளில் முற்றத்தில் எங்களை உட்கார்த்திவைத்து, புளியமரத்து முனியைப் பற்றிச் சொல்லாததா? 1950-களில் அமெரிக்கப் பேய்ப் பத்திரிகைகளிலும் ஒரு சூனியக் கிழவிதான் கதை சொன்னாள். எந்தத் தேசமானாலும் பயமுறுத்தும் உத்தியோகம் கிழவிக்கே!

ஆனால் கிழவி வாயால் சொன்னால் யாரும் கேஸ் போடுவதில்லை. அச்சில் சொன்னால்தான் வம்பு. ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ என்ற ஊர். 1954 செப்டம்பரில் ஒரு சாயங்காலம் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கம்பும் கத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டார்கள். இரும்புப் பல் வைத்த ஏழடி ரத்தக் காட்டேரி ஒன்று இரண்டு பிள்ளைகளைத் தின்றுவிட்டதாம். அதைப் பிடிக்கப் போனார்களாம்! அப்படி எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை. மழை வந்ததும் வீரர்கள் வீட்டுக்குப் போனார்கள். பெரியவர்களோ, "எல்லாம் அமெரிக்கப் பேய்ப் புத்தகங்களால் வந்த கேடு" என்றார்கள். அடுத்த வருஷமே பிரிட்டனில் அவற்றுக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. இத்தனைக்கும், தூங்காத குழந்தையைத் தூக்கிப் போகும் இரும்புப்பல் கிழவியைப் பற்றி அந்த நாட்டிலேயே ஒரு பழைய பாட்டு உண்டு!

நம் நாடு சும்மா இருக்குமா? 1956-ல் இங்கேயும் ஒரு சட்டம் பிறந்தது. குற்றம், கொடூரம், அருவருப்பு இவற்றைச் சித்திரிக்கும் கதைகளால் கெட்டுப்போகக்கூடிய 'இளைஞர்' என்று அது சொன்னது இருபது வயதுக்குட்பட்டவர்களை. பத்தொன்பது வயதில் கல்யாணமாகிக் கையில் குழந்தையோடு இருந்த பெண்களும் அந்தக் கணக்கில் பேய்க் கதைக்கு இளையவர்கள்தாம்!

இந்தச் சட்டத்துக்கெல்லாம் பயப்படாத ஒரு மனிதரைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். ஃபாரஸ்ட் அக்கர்மேன் என்று பெயர். 1958-ல் அமெரிக்காவில் பேய்ப் படங்களுக்கென்றே ஒரு பத்திரிகைக்கு ஆசிரியரானார். ஒரே ஓர் இதழ் போடுவதாகத்தான் உத்தேசம். விற்ற வேகத்தில் தொடர்ந்து வந்தது. ராட்சச முகமூடி செய்வது எப்படி, ரத்தம் வழிவது எப்படிப் படமாகிறது என்பதையெல்லாம் சிரிக்கச் சிரிக்க எழுதினார். அவர் நடத்திய இன்னொரு பத்திரிகைக்கு ஒரு சிறுவன் கதை அனுப்பினான். அவர் அதைப் பிரசுரிக்கவில்லை. ஆனால் குப்பையிலும் போடவில்லை. இருபது வருஷத்துக்குப் பிறகு, அந்தப் பையன் புகழ்பெற்ற எழுத்தாளனாகிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், அதே கையெழுத்துப் பிரதியை நீட்டினாராம். அந்தப் பையன்தான் ஸ்டீபன் கிங்.

நான் இதைப் படித்த அன்று தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. கோலப்பொடியும் ஞாபகம் வந்தது.

பெண் குழந்தைகள் இதையெல்லாம் தொடமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். லண்டனில் 'மிஸ்டி' என்று பெண்களுக்கென்றே ஒரு பேய் வாரப் பத்திரிகை 1978 முதல் 1980 வரை 101 இதழ்கள் வந்திருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன்: பெட்டியைக் காலி செய்யும் முன் நானும் ஒரு கறுப்புக் கிழவி கதையைப் படித்தேன். அன்று ராத்திரி புழக்கடைக்குப் போக அம்மாவைத் துணைக்கு எழுப்பினேன். அந்த ஆத்திரமும் நாலரைக் கிலோவில் சேர்த்திதான் என்று இப்போது தோன்றுகிறது.

திகில் சில வருஷங்களில் நின்றுபோயிற்று. லயன், முத்து இரண்டும் தட்டுத் தடுமாறி நடந்து, 2012-ல் தெம்பாக எழுந்தன. 1986-ல் இத்தாலியில் பிறந்த பேய்த் துப்பறிவாளன் டைலன் டாக் பின்னாளில் சிவகாசி வழியாகத் தமிழ் பேசினான். ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் ஆசிரியரைச் சந்திக்க வாசகர்கள் திரளுவார்கள். தலை நரைத்தவர்கள், பாங்கியில் வேலை பார்ப்பவர்கள், பேரன் எடுத்தவர்கள்! எந்த இதழின் பின்னட்டையில் என்ன விளம்பரம் என்பதுவரை சொல்வார்கள். சாணித் தாளில் அச்சான அந்தப் பழைய புத்தகங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காப்பாற்றியதும் இவர்களைப் போன்ற வாசகர்கள்தாம்.

போன தீபாவளிக்குத் தம்பி வந்திருந்தான். பட்டாசுப் பையோடு கூடவே ஓர் உறையை எடுத்தான். உள்ளே ஒரு பழைய திகில்!

"எவ்வளவு கொடுத்தேடா?"

"அதை மட்டும் கேட்காதே, அக்கா."

வாங்கிப் புரட்டினேன். உள் அட்டையில் நீல மையில் யாரோ ஒரு பையனின் பெயர். கீழே 'ஏழாம் வகுப்பு, பி பிரிவு'. அதற்கும் கீழே, 'இதை எடுப்பவர் திருப்பித் தரவும்'.

அந்தப் பையனுக்கும் ஓர் அக்கா இருந்திருப்பாள் போலிருக்கிறது.