சாய்வறிந்து சுவர் எழுப்பு

ஜொகூர் பாரு நகர மையத்துக்கு வடமேற்கே அமைந்துள்ளது தம்போய். இங்குள்ள பழைய குடியிருப்புகளில் ஒற்றை மாடி வரிசை வீடுகள் பல உள்ளன. குடும்பம் பெருகும்போதோ சமையலறை போதாதபோதோ வீட்டின் பின்புறத்தை நீட்டிக் கட்டுவதுண்டு. அவ்வேளையில் தரைக்கு எந்தக் கல், சுவருக்கு எந்த வண்ணம் என்று பலரும் ஆராய்வர். கூரை எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்று சிலரே கேட்பர். ஆனால், பெருமழையின்போது புதிய அறை நனையாமல் இருப்பது பெரிதும் அந்தச் சாய்வைப் பொறுத்ததே.

தம்போயில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. ஜொகூர் பாரு வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் பெய்த கனமழையால் ஜொகூர் மாநிலம் பெருவெள்ளத்தைச் சந்தித்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். புதிய கூரை 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உடையது எனக் கொண்டால் அதன் பரப்பு 18 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அதன்மேல் 900 லிட்டர் நீர் விழும். பழைய கூரையின் பின்பகுதியிலிருந்து வழியும் நீரும் இதன்மேலேயே கொட்டும். இத்தனை நீரும் தேங்காமல் ஓட வேண்டும்.

எவ்வளவு சாய்வு தேவை என்பதைக் கூரைப்பொருள் முடிவு செய்கிறது. பொருளில் இணைப்புகள் மிகுந்தால் சாய்வும் மிக வேண்டும். நிப்பா ஓலையால் வேய்ந்த மலாய்க்காரர்களின் மரபு வீடுகளில் கூரை செங்குத்தாக உயர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். நீர் விரைந்து வழிந்தால்தான் ஓலை நனைந்து ஊறாது. கான்கிரீட் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்பவை. சாய்வு குறைந்தால் நீர் மெதுவாக நகரும்; காற்று அதனை மேல்நோக்கித் தள்ளும்; ஓடுகளுக்கு இடையிலான குறுகிய இடைவெளியில் நீர் பின்னோக்கி ஊர்ந்து உள்ளே சொட்டும். ஆகவே, பெரும்பாலான கான்கிரீட் ஓடுகளுக்கு ஏறத்தாழ 17 பாகை அல்லது அதற்கும் மேற்பட்ட சாய்வு தேவைப்படுகிறது. உலோகத் தகடோ மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக அமையக்கூடியது. ஆதலால், பலவகைத் தகடுகளுக்கு 5 பாகையே போதும். எனினும், ஒவ்வொரு பொருளுக்கும் அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்த அளவைக் கேட்டறிவது அவசியம்.

அப்படியானால், பழைய வீட்டுக்குப் பொருத்தமாக ஓட்டையே வேய்ந்துவிடலாமே என்று தோன்றலாம். ஒரு கணக்கு அதற்கு விடை தரும். புதிய கூரை பழைய கூரையின் விளிம்புக்குக் கீழே, 2.8 மீட்டர் உயரத்தில் தொடங்கி 3 மீட்டர் நீளுகிறது எனக் கொள்ளலாம். 20 பாகைச் சாய்வில் அது 1.09 மீட்டர் இறங்கும். அப்போது பின்சுவரின் உயரம் 1.71 மீட்டர் மட்டுமே. அங்கே ஒரு கதவுகூட வைக்க முடியாது. 10 பாகையில் 2.27 மீட்டர் கிடைக்கும். கூரையைத் தாங்கும் சட்டங்களின் கனத்தைக் கழித்தால் அதுவும் நெருக்கடியே. 7 பாகையில் 2.43 மீட்டரும், 5 பாகையில் 2.54 மீட்டரும் மிஞ்சும். ஆகவே, இத்தகைய வீட்டுக்கு 5 முதல் 7 பாகைச் சாய்வில் உலோகத் தகடு வேய்வதே ஏற்றது. தகட்டின் அடியில் வெப்பத்தடுப்புப் படலம் விரித்தால் வெயிலின் கடுமையும் மழையின் இரைச்சலும் தணியும்.

சாய்வின் திசையும் முக்கியமானது. கூரை வீட்டை நோக்கிச் சாய்ந்தால், பழைய சுவரோரம் நீர் தேங்கிக் கசியும். பக்கவாட்டில் சாய்ந்தால், நீர் அண்டை வீட்டாரின் எல்லைக்குள் விழும். நெடுநாள் நட்பும் கசந்துபோகும். எனவே, கூரை பின்புறம் நோக்கிச் சாய வேண்டும். அதன் விளிம்பில் கால்வாய் பொருத்தி, நீரைக் குழாய்வழி வீட்டின் சொந்த வடிகாலில் சேர்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சுவர் எழும் முன்பே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ், வீட்டை விரிவாக்க ஊராட்சி மன்றத்தின் அனுமதி பெறுவது கட்டாயமாகும். பின்சுவரை முதலில் எழுப்பிவிட்டால், கூரைக்கு எஞ்சிய சாய்வே மிஞ்சும்; தேவையான சாய்வு கிடைக்காது. பிறகு கசிவை அடைக்க எவ்வளவு பசை பூசினாலும், அடுத்த மழைக்காலத்தில் சமையலறையில் மீண்டும் வாளி வைக்க நேரிடும். முதலில் பொருள், அடுத்துச் சாய்வு, அதன் பின்னரே சுவர் என்னும் வரிசையில் திட்டமிடும் குடும்பம் மழை இரவிலும் நிம்மதியாக உறங்கலாம்.